நிமிஷக்காரர் நிறுத்திய நேரலை

அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல, டோக்கன்காரரைத்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஓர் ஓட்டை. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்துதான் பேச வேண்டும், நிமிர்ந்து பேசினால் அவருக்குக் காது கேட்காது. குனிந்தவர் வாயைத் திறந்ததும், தலையைத் தூக்காமலேயே உள்ளங்கையை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

"ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வணக்கம் சொல்லிக் குழைகிறவர்களுக்குச் சீக்கிரம் முடியும். "எவ்வளவு நேரம்ங்க ஆகும்?" என்று கொஞ்சம் குரலை உயர்த்தியவர்களுக்கு முடியவே முடியாது. அந்த ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். விட்ட கொஞ்ச நேரத்தில் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அந்த நேரத்துக்குள் உள்ளே அனுப்பினால் சரி, தாமதித்தால் மருந்தின் வேகம் இறங்கிவிடும். மறுபடி சொட்டு, மறுபடி எரிச்சல், மறுபடி பெஞ்சு. யாரை எப்போது உள்ளே அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. அவரிடம் எகிறியவர்கள் எல்லாரும் இரண்டாவது சொட்டு வாங்கியிருக்கிறார்கள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர் விரலைக்கூட அசைக்காமல் அதைச் செய்தார்.

குடியிருப்பிலும் அவர் அப்படித்தான். சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். "ஒரு நிமிஷம்" என்று எழுந்திருப்பார். தொட்டியில் ஆரம்பித்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போடுகிற லட்சணம் வரைக்கும் போய்த்தான் உட்காருவார். அதற்குள் பாதிப்பேர் நழுவியிருப்பார்கள். அதனால் குடியிருப்பில் அவருக்கு நிமிஷக்காரர் என்று பெயர். அவருக்கும் அது தெரியும். மரியாதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி, ஒரே மகள். மனைவி அதிகம் பேச மாட்டாள், பேசினால் ஒரு வரிதான், ஆனால் அது ஊசி. மகள் அப்படியில்லை, வீடு நிறையப் பேசுவாள். ஆனால் அவள் வாயிலிருந்து அவள் குரல் வருவதுதான் அபூர்வம். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் கவுண்டருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் அவள். அந்த அரைவட்ட ஓட்டை வழியாக வந்த குரல்களெல்லாம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கெஞ்சுகிற கிழவர், மூக்கால் பேசுகிற பெரிய டாக்டர், இருமிவிட்டுப் பேச ஆரம்பிக்கிற வக்கீல் என்று யாரைக் கேட்டாலும் அச்சு அசலாக எடுத்து வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஆளே எதிரில் நிற்கிறார் என்று தோன்றும்.

பெண் வளர்ந்து படிப்பை முடித்தாள். தொலைக்காட்சியில் பல குரலில் பேசுகிறவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. அவள் விண்ணப்பித்தாள், தேர்வானாள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் நிமிஷக்காரர் உள்ளங்கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். கூத்தடிக்கிறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? சரி, ஆசைப்பட்டுட்டே, போ. ஜெயிச்சா அந்த சேனல்காரன் வேலை குடுப்பான், உன் வழி உனக்கு. தோத்தா நான் ஓய்வு பெறுற அன்னிக்கு என் நாற்காலில வந்து உக்காரணும். பெரிய டாக்டர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன். சம்மதமா?"

அந்த நாற்காலி மகளுக்குப் பிடிக்காது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் குனிந்த முகங்களை அவள் முக்காலியிலிருந்து பார்த்தவள். ஆனாலும் பெரிய டாக்டரின் மூக்குக் குரலில், "சம்மதம், அடுத்த பேஷண்ட்டை வரச் சொல்லுங்க" என்றாள். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"சொன்னா சொன்னதுதான். பின்னாடி வார்த்தை மாறக் கூடாது" என்றார்.

"மாற மாட்டேன்ப்பா" என்றாள், இந்தத் தடவை சொந்தக் குரலில்.

போட்டி தொடங்கியது. வாரா வாரம் நேரலை. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் திரையில் ஒரு தொலைபேசி எண் வரும். பார்க்கிறவர்கள் அந்த எண்ணுக்கு அழைத்தால் அது ஓட்டு. எண் ஒவ்வொரு தடவையும் மாறும். ஒரே ஒரு நிமிஷம்தான் அது திறந்திருக்கும். குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அப்பனைத்தான் பிடிக்காது, பெண்ணைப் பிடிக்கும். அவரவர் வீட்டில் கேபிள் டிவியில் பார்த்துவிட்டு, அவரவர் போனில் ஓட்டுப் போட்டார்கள். அவள் சுற்றுச் சுற்றாக ஏறிப் போனாள்.

ஏற ஏற நிமிஷக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் குனிந்து டோக்கன் கேட்கிறவர்கள், "உங்க பொண்ணா சார் டிவியில வர்றது?" என்று இளித்தார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு முன்வரிசை டோக்கன் கிடைத்தது. கூத்து என்று சொன்ன வாய் இப்போது கலை என்று சொன்னது. மகள் ஜெயிக்க வேண்டும் என்று அவர் நிஜமாகவே விரும்பத் தொடங்கினார். அவள் வாழ்க்கைக்காக என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கண்ணில் நின்றது மேடையில் பெண்ணின் பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற தன் உருவம்தான்.

அரையிறுதி அன்று, மகள் மேடைக்கு வருகிற சமயம் பார்த்துப் படம் போய்விட்டது. கேபிள்காரனைக் கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் சார், வந்துட்டே இருக்கேன்" என்றான் அவன்.

மறுநாள் காலையில்தான் வந்தான். தன் வார்த்தையைத் தன்மேலேயே போட்டுவிட்டான் என்று நிமிஷக்காரருக்கு ரத்தம் கொதித்தது. கேபிள்காரனின் தாயார் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டாவது சொட்டு வாங்கியவர் என்பது அவருக்கு நினைவில் இல்லை. அவனுக்கு இருந்தது.

"வயரை அறுத்துட்டுப் போடா. இனிமே உன் தயவு எனக்குத் தேவையில்ல."

"அறுக்கத் தேவையில்ல சார், கழட்டினாலே போதும்" என்று சொல்லிவிட்டுக் கழற்றிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனான். போகிற வழியில் மாடிப்படியில் விசிலடித்தது கேட்டது.

அன்று சாயங்காலமே நெட் டிவிக்காரர்களுக்குப் போன் போட்டார். கேபிள் வேண்டாம், இணையம் வழியாகவே எல்லாச் சேனலும் நேரலையாக வரும், முதலில் சில நாள் சும்மா பார்த்துவிட்டுப் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மறுமுனையில் பேசிய பெண். அதையெல்லாம் அவர் அரைக்காதில்தான் கேட்டார். கடைசியாக அவள் சொன்ன ஒன்றில்தான் விழுந்தார்.

"லைவ்வா ஓடிட்டு இருக்கறதைக்கூட நீங்க நிறுத்தி வைக்கலாம் சார். திரும்பி வந்து விட்ட இடத்துலேருந்து பாக்கலாம்."

"லைவ்வையா? ஓடிட்டு இருக்கும்போதேவா?"

"ஆமா சார். ஒரு பட்டன்தான்."

பெட்டி வந்தது, டிவியில் செருகினார். ஒரு செய்தி வாசிப்பவர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிஷக்காரர் ரிமோட்டை நீட்டிப் பட்டனை அழுத்தினார். வாயைப் பாதி திறந்த நிலையில் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். நிமிஷக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், முகம் கழுவினார், பால்கனியில் நின்று வெளியே பார்த்தார். திரும்பி வந்தபோதும் அந்த வாய் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தது. அழுத்தினார். விட்ட வார்த்தையிலிருந்து செய்தி தொடர்ந்தது. அவர் முகம் அப்படி மலர்ந்ததை மனைவி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"டிவிக்கே டோக்கன் குடுத்துட்டேன் பாத்தியா!" என்றார்.

அதன் பிறகு வீட்டில் ஒரு நிகழ்ச்சியும் ஒழுங்காக ஓடவில்லை. மனைவி பார்க்கிற தொடரில் மருமகள் உண்மையைச் சொல்ல வாய் திறக்கிற கட்டத்தில் நிறுத்திவிட்டுச் செருப்பு வாங்கக் கடைக்குப் போனார். விளையாட்டில் பந்து காற்றில் இருக்கும்போது நிறுத்திவிட்டு, அந்த ஆட்டக்காரன் காலைத் தூக்கிய விதம் சரியா என்று விளக்கினார்.

மனைவி ஒன்றைக் கவனித்தாள். எதிர்வீட்டில் கேபிள். ஒரே நிகழ்ச்சியைத்தான் இரண்டு வீட்டிலும் பார்த்தார்கள்.

"அவங்க முன்னாடியே சிரிச்சிடறாங்க. நமக்கு அப்புறம்தான் ஜோக்கே வருது" என்றாள்.

"அவங்களுக்கு அவசரம்" என்றார்.

"நீங்க நிறுத்தலேன்னாலும் கொஞ்சம் லேட்டாத்தான் வருது. நிறுத்திட்டா இன்னும் லேட். அங்க அது பாட்டுக்குப் போயிட்டுதான இருக்கும்?"

உள்ளங்கை எழுந்தது. "ஒரு நிமிஷம். லைவ்னு மேல எழுதியிருக்கா இல்லியா? நிறுத்தினா நிக்குது, விட்டா போகுது. கண்ணு முன்னாடி பாக்கறியே, அப்புறம் என்ன சந்தேகம்?"

அவரை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையைப் பாருங்கள். கவுண்டரில் "சற்று நேரத்தில்" என்ற பலகையைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது வரிசை நின்ற இடத்திலேயே நிற்கும். குனிந்தவர் குனிந்தபடி, கையில் சீட்டோடு. பலகையை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து உலகம் நகரும். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் பார்த்த உலகம் அவ்வளவுதான். தான் வருவதற்குள் ஏதாவது நடந்து முடிந்துவிடும் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

இறுதிப் போட்டி வந்தது. மகள் இரண்டு நாள் முன்பே ஒத்திகைக்குப் போய்விட்டாள். நிமிஷக்காரருக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தக் குடியிருப்புக்காரர்கள் தன்மேல் உள்ள வயிற்றெரிச்சலில் கடைசி நேரத்தில் ஓட்டுப் போடாமல் விட்டுவிட்டால்? அவரவர் வீட்டில் இருந்தால் யாருக்குத் தெரியும்? எல்லாரையும் தன் கண்ணெதிரில் உட்கார வைத்துத்தான் போட வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

கீழ்த்தளத்துச் சங்கக் கூடத்தில் பெரிய திரை கட்டினார். தன் வீட்டு நெட் டிவிப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை போட்டார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் உள்பட, தெரிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டார். வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் நம்பர் போட்ட டோக்கன் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கொடுத்தார். ஓட்டுப் போடத் தெரியாத குழந்தைகளுக்கு மட்டும் டோக்கன் இல்லை, அவர்கள் தரையில்.

கூடம் நிறைந்தது. கண்ணில் கட்டுப் போட்டவர்கள், வயதானவர்கள் என்று படி இறங்க முடியாத சிலர் மட்டும்தான் வீட்டில் தங்கினார்கள். அதே குடியிருப்பில் இருந்த, குழாய் பழுது பார்க்கிற குழாய்க்காரரின் மனைவியும் அவர்களில் ஒருத்தி. முந்தின வாரம்தான் அவளுக்கு அறுவை நடந்தது. அதற்கு முன்னால் பெஞ்சில் அவள் மூன்று முறை சொட்டு வாங்கினாள். நிமிஷக்காரர் வீட்டுக் குழாய் ஒழுகியபோது குழாய்க்காரர் ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டார், அதற்குத்தான்.

நிமிஷக்காரர் திரைக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றுகொண்டார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"எல்லாரும் போனை மடியில வெச்சுக்கங்க. நான் கையை இறக்கினதும் போடணும். அதுவரைக்கும் யாரும் யார்கூடவும் பேசக் கூடாது, எந்தக் காலையும் எடுக்கக் கூடாது."

திரையில் மேடை ஒளிர்ந்தது. மற்றப் போட்டியாளர்கள் வந்து போனார்கள். கடைசியாக இரண்டே பேர் மிஞ்சினார்கள், ஓர் இளைஞனும் இவர் மகளும். அவன் பேசி முடித்துக் கைதட்டல் வாங்கினான். தொகுப்பாளர் மகளின் பெயரைச் சொன்னார். திரை விலகியது. அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

நிமிஷக்காரர் பட்டனை அழுத்தினார்.

ஒரு காலைத் தூக்கியபடி மகள் நின்றுவிட்டாள். கூடத்தில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றார். "அவ பேசறதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

அவர் மனைவி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "என்னங்க, விடுங்க. அங்க நடந்துட்டு இருக்கும்."

"நீ உக்காரு. நின்னுடுச்சு இல்ல, என்ன அவசரம்?"

பிறகு பேசினார். மகள் பிறந்த அன்று மழை பெய்ததைச் சொன்னார். அவளை முக்காலியில் உட்கார வைத்துக் கலை வளர்த்தது தான்தான் என்றார். முதல் தடவை அவள் டாக்டர் மாதிரிப் பேசியபோது கன்னத்தில் ஒன்று வைத்ததை மட்டும் விட்டுவிட்டார். ஒழுங்கு, காத்திருத்தல், பொறுமை ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். பேச்சு செருப்பு வரைக்கும் வந்தது. அவருக்குப் பின்னால் மகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இருந்தாள்.

குழாய்க்காரரின் மடியில் போன் அதிர்ந்தது. மனைவி. எடுத்துக் காதோடு ஒட்டி, கையால் மறைத்துக்கொண்டார்.

"என்னாங்க, பொண்ணு வெளுத்து வாங்கிட்டா! நம்பர் வந்துடுச்சு, நான் ஒத்தக் கண்ணுல பாத்துப் போட்டுட்டேன். நீங்கல்லாம் போட்டாச்சா?"

குழாய்க்காரர் திரையைப் பார்த்தார். தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது. அவருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் துள்ளி எழுந்தார்.

"சார்! அங்க ஓட்டு ஓடிட்டு இருக்கு சார்! நம்பர் எம் பொண்டாட்டி சொல்லுவா..."

உள்ளங்கை எழுந்தது.

"ஒரு நிமிஷம்."

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஒரு நிமிஷம்னு சொன்னேன் இல்ல? ஒருத்தன் பேசிட்டு இருக்கும்போது குறுக்க பேசற பழக்கம் எங்கேருந்து வந்துச்சு? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் வரிசையே கெட்டுப் போகுது. உக்காருங்க!"

குழாய்க்காரர் நின்றார். அந்தக் கை அவர் முகத்துக்கு நேராக இருந்தது. பெஞ்சில் தண்ணீர் வழிந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த மனைவிக்காக அவர் ஓட்டைக்குள் குனிந்தபோது எழுந்த அதே கை. போனில் அவள் இன்னும் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவர் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார்.

யாராவது ஒருவர் எழுந்து கத்தியிருக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கை அது, அவளை அவர்களுக்குப் பிடிக்கும் என்று வேறு சொன்னேன். ஆனால் ஒருத்தரும் எழவில்லை. அந்த நிமிஷம் அங்கே எங்கோ தீர்ந்துகொண்டிருந்தது. இவர் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் தங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், செய்தி அனுப்பினார்கள். சிறிது நேரத்தில் முடிவும் வந்துவிட்டது. இளைஞன் ஜெயித்தான். வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் போட்டிருந்தால் போதும்.

கூடம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, அவரைத் தவிர. கடைசி வரிசையில் அவர் மனைவி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவளும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? யாரும் எழுந்து போகவுமில்லை. அதுவரைக்கும் அவர் பேச்சைப் பாதியில் விட்டு நழுவியவர்கள்கூட, அன்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"சரி, இப்போ பாக்கலாம்" என்று பட்டனை அழுத்தினார்.

தூக்கிய கால் தரையில் பட்டது. மகள் மேடை நடுவுக்கு வந்தாள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நடுவில் அரைவட்ட ஓட்டை வெட்டிய ஓர் அட்டை. நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், உள்ளங்கையை மட்டும் தூக்கினாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள், அவர் குரலில்.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. திரையில் ஒரு கிழவர் கெஞ்சினார், ஓர் அம்மாள் "கண்ணு எரியுதுங்க" என்று அழுதாள், வக்கீல் இருமினார், எல்லாக் குரலும் அவளுடையதே. எல்லாருக்கும் பதில் அதே ஒரு நிமிஷம். நிமிஷக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஜெயிப்பதற்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அவ்வளவு சிரிப்பும் ஓட்டாக மாறிவிட்டால் பரவாயில்லை. அவர்கள் திரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

திரையில் எண் வந்தது. "போடுங்க! ம், போடுங்க!" என்று கையை இறக்கினார்.

ஒருவரும் போனைத் தொடவில்லை.

"என்ன பாத்துட்டு இருக்கீங்க? போகுது, நேரம் போகுது!" என்று தானே போட்டார். போனின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: வாக்களிக்கும் நேரம் முடிந்துவிட்டது, நன்றி. மறுபடி போட்டார். மறுபடி நன்றி.

அப்போது அவர் போனே அடித்தது. மகள்.

அவர் திரையைப் பார்த்தார். மகள் அங்கே கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள், வியர்வை மின்ன. போனைப் பார்த்தார். எடுத்தார். ஒலிபெருக்கி அணையாமல் இருந்தது.

"அப்பா" என்றாள் மகள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ஏம்ப்பா? கூடத்துல இருந்தவங்க ஒருத்தர்கூட போடலியாமேப்பா. அத்தனை பேரையும் கூட்டி வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே?"

"இரும்மா. ஏன் அழறே? இங்க இப்பதான் ஓட்டு ஓடுது. நீ இன்னும் தோக்கலம்மா, இதோ சிரிச்சிட்டு நிக்கிறே பாரு..."

"அப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. ரொம்ப நேரம் ஆச்சு."

அவர் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"ஒரு நிமிஷம்" என்றார்.

கூடம் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பு போன் வழியாக மகளுக்கும் கேட்டது. அவள் வைத்துவிட்டாள். பிறகு எல்லாரும் எழுந்து, டோக்கன்களை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, வரிசையாக வெளியே போனார்கள்.

மகள் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். என்னென்னவோ சொல்ல வைத்திருந்தார். அந்த நெட் டிவியைக் கழற்றி எறிந்துவிட்டதாகச் சொன்னார். பெட்டியைக் குற்றம் சொன்னார், கேபிள்காரனைக் குற்றம் சொன்னார். நாற்காலியில் உட்கார வேண்டாம், அந்தப் பேச்சையே விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னா சொன்னதுதான். பின்னாடி வார்த்தை மாறக் கூடாது" என்றாள்.

அது அவருடைய குரல். அந்த இழுப்பு, அந்த மூச்சு, கடைசி எழுத்தில் வருகிற அந்தக் கரகரப்பு எல்லாம் அப்படியே. அவர் திடுக்கிட்டார். அன்றிலிருந்து அவரிடம் அவள் வேறு குரலில் பேசவில்லை. அம்மாவிடம் சொந்தக் குரல், பால்காரனிடம் சொந்தக் குரல், அவர் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் மட்டும் அவர் குரலிலேயே "ஆச்சு" என்பாள். சில நாட்களில் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். தன் குரலையே எதிரில் கேட்டுக்கொண்டு எவ்வளவு நாள்தான் ஒரு மனிதன் பேசுவான்?

அவர் ஓய்வு பெற்றார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வந்த பிறகு கூட்டம் சீக்கிரம் கரைகிறது என்று ஊழியர்கள் சொன்னார்கள். சொட்டு வாங்கியவர்களைக் கவுண்டரை விட்டு வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே விடுவாளாம். கண்ணாடியில் இருந்த ஓட்டையைப் பெரிதாக வெட்டச் சொல்லிவிட்டாளாம். இப்போது யாரும் குனிய வேண்டியதில்லை.

கொஞ்ச காலத்தில் நிமிஷக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவியிடம் சொன்னார்.

"ஏன்? அங்கதான் நம்ம பொண்ணு இருக்காளே" என்றாள் அவள்.

போனார். சொட்டு விட்டார்கள். முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெஞ்சில் முதல் தடவையாக உட்கார்ந்தார். எதிரில் இருந்தது எல்லாம் கரைந்து வெளிச்சமாகிவிட்டது. காது மட்டும் கூர்மையாக இருந்தது. "பாத்து வாங்கம்மா, படி இருக்கு" என்றது ஒரு குரல். மகளுடைய சொந்தக் குரல். கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. யாரிடம் சொல்கிறாள் என்று உற்றுக் கேட்டார். நன்றி சொன்ன குரல் குழாய்க்காரரின் மனைவியுடையது. அவள் இவருக்குப் பின்னால் வந்தவள்.

அடுத்தவர் போனார், அதற்கடுத்தவர் போனார். ஒவ்வொருவரிடமும் அந்தக் குரல் இதமாகப் பேசியது. மருந்தின் வேகம் இறங்கியது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வந்து, "யாருங்க இது, இன்னும் போகலியா?" என்று இரண்டாவது சொட்டு விட்டாள். எரிந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரைத் தடவித் தடவிக் கவுண்டருக்கு வந்தார். கண்ணாடி நெற்றியில் இடித்தது. ஓட்டை பெரிதாகிவிட்டது அவருக்கு நினைவில்லை, பழைய உயரத்துக்குக் குனிந்தார்.

"அம்மா, நான்தான்மா. உள்ள அனுப்பாட்டியும் பரவாயில்ல. உன் குரல்ல ஒரு வார்த்தை பேசும்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சமாக ஏதோ மேலே எழுந்தது. கையாக இருக்கலாம்.

"ஒரு நிமிஷம்" என்றது அவர் குரல்.

அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.